சொந்தம்தானே விட்டுடு எண்டு சொன்ன எங்கட ஊர்ப் பெரியாக்களுக்கு

எங்கட கோயிலை நிர்வாகம் பண்ற வண்ணக்கர்மார், கிராம அபிவிருத்திச் சங்கத்துத் தலைவர், செயலாளர், மரண உதவிச் சங்கத்து அண்ணன்மார், ஊருக்குள்ள ஒரு கரைச்சல் எண்டா முதல்ல ஆள் அனுப்பிக் கூப்பிடுற எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப் பேரும் என்ட பேரும் இதுல போடல்ல. மட்டக்களப்பு எழுவான்கரையில கடலுக்கும் வாவிக்கும் நடுவுல கிடக்கிற ஊர், வாசிச்சா நாலாவது வரியிலயே யார் எழுதினது எண்டு உங்களுக்கு விளங்கிடும். பேர் போடாததுக்குக் காரணம் என்ட அக்கா, பெரியம்மாட மகள், பக்கத்து வளவு. அவவைப் பத்தி வெளியூர் ஆக்கள் கதைக்கக் கூடாது. இதை அவட்ட சொல்லிட்டுத்தான் எழுதுறன், எழுதினதை நேத்துப் பின்னேரம் அவட குந்துல இருந்து வாசிச்சும் காட்டினன், ஒரு இடத்தில மட்டும் மாத்தச் சொன்னா, மாத்திட்டன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனா நீங்க ஒருத்தரும் வந்து பாக்காததால திரும்பவும் சொல்றன். 2024 நவம்பர் கடைசியில நாலஞ்சு நாள் விடாம மழையும் காத்தும், அம்பாறைப் பக்கமும் எங்கட பக்கமும் வெள்ளம், றோட்டெல்லாம் மூடிக் கிடந்திச்சு. அந்தக் கிழமை ஒரு இரவு ரெண்டு மணி போல அக்காட வளவுல எல்லையோட நிண்ட பட்ட தென்னை முறிஞ்சு எங்கட மதிலுக்கு மேலால வந்து குசினியில விழுந்துட்டு. கூரைச் சீற் 9 உடைஞ்சு, கைமரம் ரெண்டு முறிஞ்சு, பீலி நசிஞ்சு, தண்ணி டாங்கி பிளந்து, மதில் 14 அடி அப்பிடியே படுத்துட்டு. என்ட மகள் ஏ.எல் படிக்கிறவ, இரவுல குசினி மேசையில லைட்டைப் போட்டுட்டு ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் இருந்து படிக்கிறதுதான் அவட வழக்கம். அண்டைக்கு கரண்ட் இல்லாததால நேரத்தோட படுத்துட்டா. அந்த மேசைக்கு மேலதான் குத்தி கிடந்திச்சு. விடியக் காலம நான் அந்த மேசையைப் பாத்துட்டு நிலத்துல இருந்துட்டன், எவ்வளவு நேரம் இருந்தன் எண்டு தெரியாது.

அந்தத் தென்னை பட்டது அண்டைக்கு இல்ல. வண்டு குத்தி, குருத்து அழுகி, தலை விழுந்து, ஒரு வருசத்துக்கு மேலா மொட்டையா நிண்டது. ரெண்டு தரம் சொன்னன். பங்குனியில ஒருக்கா கிணத்தடியில வச்சு, அக்கா இந்த மரம் நம்மட குசினியைப் பாத்துத்தான் சாயுது எண்டு. ஆவணியில ஒருக்கா, மரம் வெட்டுற தம்பியைக் கூட்டிட்டே போனன், அவர் பாத்துட்டு ரெண்டு பக்கமும் வீடு இருக்கு, ஏறிக் கயிறு கட்டித் துண்டு துண்டாத்தான் இறக்கணும், 15,000 ரூபா எண்டார். அக்கா ஒண்டும் பேசல்ல. அந்த நேரம் அத்தான் கட்டார்ல வேலை முடிஞ்சு திரும்பி வந்து சும்மா இருந்த நேரம், பெரியம்மாவுக்கு மருந்துச் செலவு, அதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் சொன்னதோட நிப்பாட்டிட்டன்.

இதுல அந்த மரத்தைப் பத்தியும் சொல்லணும், ஏனெண்டா வெளியில இருந்து பாக்கிற ஆக்களுக்கு ஒரு பட்ட தென்னைக்கு ஏன் இவ்வளவு எண்டு இருக்கும். 1978 நவம்பர் 23 இரவு அடிச்ச சூறாவளியில எங்கட கரையில தென்னைதான் முதல்ல போனது, தோட்டம் தோட்டமாப் படுத்தது, வயசான ஆக்கள் இப்பவும் காலத்தைச் சொல்றது சூறாவளிக்கு முதல், சூறாவளிக்குப் பிறகு எண்டுதானே. அம்மம்மாட வளவுல ஒண்டும் மிஞ்சல்லையாம். அடுத்த வருசம் அவ எங்கெங்கயோ கேட்டு தென்னம்புள்ள வாங்கி வந்து எல்லையோட வரிசையா நட்டா. அந்தக் காயிலதான் அக்காவும் வளந்தா நானும் வளந்தன். அக்காக்கு அது பட்ட மரமாத் தெரியல்ல, அம்மம்மாட கையாத் தெரிஞ்சிருக்கு. இது எனக்கு எட்டு மாசத்துக்குப் பிறகுதான் தெரிய வந்திச்சு, அதுவும் மூண்டாம் ஆள் ஒருத்தர் அவட்ட கேட்டதால.

எங்கட மட்டக்களப்புல வளவு வழக்கம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஆனா அதை வச்சுத்தான் என்ட முழுக் கதையும். வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குத்தான். கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்புள வீட்டுக்கு வாறது. தாய்வழியா சொத்துப் போறதுக்கு முக்குவர் சட்டம் எண்டு ஒண்டு இருந்து அது போய் நூறு வருசத்துக்கு மேல ஆகிட்டு, ஆனா வழக்கம் போகல்ல. அம்மம்மாட அரை ஏக்கர், 80 பேர்ச்சஸ், மூண்டு பொம்புளப் புள்ளையளுக்கும் பிரிச்சதுல ஆளுக்கு 26, 27 பேர்ச்சஸ். பெரியம்மாட பங்கு அக்காக்கு, அம்மாட பங்கு எனக்கு. முதல்ல கிடுகு வேலி, பிறகு தகரம், பிறகு மதில். மதில் கட்டேக்குள்ள நடுவுல ஒரு கடப்பு விட்டு சின்னக் கேற் ஒண்டு போட்டம், ரெண்டு வீட்டுப் புள்ளையளும் போய் வாறதுக்கு. எங்கட ஊர்ல அயல் எண்டா முக்காவாசி இப்பிடித்தான், ஒரு வயித்துல பிறந்த ஆக்கள்தான் ஒருத்தருக்கொருத்தர் அயல். அதனால எங்கட ஊர்ல வேலிச் சண்டை, மரச் சண்டை, தண்ணிச் சண்டை எது வந்தாலும் அது சொந்தத்துக்குள்ள வாற சண்டை. நீங்களும் அதைத்தான் சொன்னீங்க.

மரம் விழுந்து மூண்டாம் நாள் சங்கத் தலைவர்ட்ட போனன். என்ட தகப்பன்ட வயசு அவருக்கு, மரியாதையாத்தான் கதிரை தந்து இருக்கச் சொன்னார். "வெள்ளத்துல எத்தனை பேர்ட வீடு போய்க் கிடக்கு புள்ள, உனக்கு ஒரு குசினிதானே, அதுவும் அக்காதானே, விட்டுடு" எண்டார். வெள்ளம் வத்தின பிறகு கோயில்ல வண்ணக்கர் ஐயாட்ட சொன்னன். பாப்பம் எண்டார். தைப்பொங்கல் போச்சு. மாசியில திரும்பப் போனன், வைகாசியில அம்மன் சடங்கு வருது, கோயில் கதவு திறக்கிற நேரம் குடிக்குள்ள, தாய்வழிச் சொந்தத்துக்குள்ள, சோலி வச்சிருக்கக் கூடாது, சடங்கு முடிய இருத்திப் பேசுவம் எண்டீங்க. செயலாளர் அண்ணன் ஒரு படி மேல போய், நான் காசுக்கு ஆசைப்பட்டு அக்காட குடும்பத்தைச் சந்திக்கு இழுக்கிறதா நாலு பேருக்கு முன்னால சொன்னார். அண்ணன், அண்டைக்கு நான் திருப்பி ஒண்டும் சொல்லல்ல, வீட்ட வந்து அழுதன், இண்டைக்குச் சொல்றன், அது பிழை. மேசனும் ஓடாவியும் எழுதித் தந்த எஸ்டிமேட் 186,000 ரூபா. என்ட அவர் மீன் வாடியில கணக்கெழுதுறவர், நான் வீட்டுல இருந்து தையல், மூணு நேரச் சாப்பாட்டுக்கு வஞ்சகம் இல்ல, ஆனா அந்தக் காசு எங்களிட்ட எப்பிடி இருக்கும். ஆறு மாசம் தறப்பாளுக்குக் கீழ நிண்டு சமைச்சன். மாசி மழையில அடுப்புக்குள்ள தண்ணி.

நீங்க சொன்ன "சொந்தம்தானே" எண்ட சொல்லை நான் நிறைய நாள் யோசிச்சன். சொந்தம்தானே எண்டு நீங்க சொன்னது என்னட்ட மட்டும்தான். அக்காட்ட போய், சொந்தம்தானே, தங்கச்சிட குசினி கிடக்கிற கிடையைப் பார், ஏலுமானதைச் செய் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. அவட வீட்டுக்கு நீங்க போகவே இல்ல. நட்டப்பட்டவள் பொறுத்துப் போனா ஊர் அமைதியா இருக்கும், அவள் வாயைத் திறந்தா சோலி, இப்பிடித்தான் அது முடிஞ்சிச்சு. உங்களுக்கு அந்த ஆறு மாசம் ஊர் அமைதியாத்தான் தெரிஞ்சிருக்கும். எங்கட ரெண்டு வளவுக்குள்ள என்ன நடந்திச்சு எண்டா, கடப்புக் கேற்றுக்கு ஆமைப்பூட்டு போட்டாச்சு, யார் போட்டது எண்டதுல ஒரு சண்டை, புள்ளையள் ஸ்கூலுக்கு வேற வேற ஒழுங்கையால போனாங்க, பெரியம்மா வருத்தமாக் கிடந்த நேரம் நான் ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தன், அக்கா வாசலுக்கு வெளிய போய் நிண்டா. பெரியம்மா என்ட கையைப் பிடிச்சு "மரத்தை விடு கா, நீங்க ரெண்டு பேரும் என்னத்துக்குக் கா கதைக்காம இரிக்கீங்க" எண்டு கேட்டா. அவட கேள்வியும் நீங்க சொன்னதும் பாக்க ஒண்டு மாதிரிக் கிடக்கும், ஆனா அவ ரெண்டு பேரையும் கேட்டா.

சடங்கு எண்டு சொன்னீங்க. நான் பிறந்த நாள்ல இருந்து அந்தச் சடங்குக்குப் போறவள், அம்மனைக் குளிர வைக்கிற குளுத்திப் பாட்டுப் படிக்கேக்குள்ள எனக்கு மேல் நடுங்கும். இந்த வருசம் கதவு திறக்கிற அண்டு கூட்டத்துக்குள்ள நிண்டு எனக்கு ஒண்டுதான் ஓடிக்கொண்டு இருந்திச்சு. நாங்க கும்பிடுற அம்மன் யாரு? தனக்கு நடந்த அநியாயத்துக்குக் கையில சிலம்போட போய் அரசன்ட வாசல்ல நிண்டு நீதி கேட்ட பொம்புள. அவட்ட ஒருத்தரும் விட்டுட்டுப் போ புள்ள எண்டு சொல்லி அவ விடல்ல. நீதி கேட்டவளுக்கு ஊரே கூடிச் சடங்கு செய்யுறம், அவட வாசல்ல வச்சே ஒரு பொம்புளட வாயை அடைக்கிறம். வண்ணக்கர் ஐயா, உங்களில எனக்கு மரியாதை குறையல்ல, ஆனா இதை நீங்க ஒருக்கா யோசிக்கணும்.

அதோட இன்னொண்டு. வளவு உறுதி எல்லாம் பொம்புளைகள்ட பேர்ல. குசினியில சீற் உடைஞ்சா, கிணத்துக்குள்ள அழுக்குத் தண்ணி போனா, முதல்ல அனுபவிக்கிறதும் பொம்புளைகள். ஆனா அதைப் பத்தி விசாரிக்க நீங்க இருக்கிற கதிரையில ஒரு பொம்புளையும் இல்ல. மாதர் சங்கத்துல கைக்குழந்தையோட வந்து மீட்டிங் நடத்துற புள்ளைகள் இருக்காங்க, ஓய்வு பெற்ற டீச்சர்மார் நாலு பேர் இருக்காங்க. ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தாலும் குசினியை வந்து பாத்திருப்பாங்க.

சரி, சடங்கு முடிஞ்சிச்சு, நீங்க கூப்பிடல்ல. ஆனியில நான் பொலிசுக்குப் போய் என்ட்ரி போட்டன். நான் செய்ததுல எனக்கு மனவருத்தமான விசயம் இது, ஏனெண்டா பொலிஸ்ல இருந்து ஆள் வந்து அக்காட கேற்றுல நிண்டதை ஒழுங்கை முழுக்கப் பாத்தது. அவட மகள் அழுததை மதிலுக்கு இஞ்சால நிண்டு கேட்டன். அக்கா மாத்தச் சொன்ன இடம் இதுதான், நான் முதல்ல வேற மாதிரி எழுதியிருந்தன். பொலிஸ்ல ஐயா ரெண்டு பக்கமும் கேட்டுட்டு இது மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிய விசயம் எண்டு கடிதம் தந்தார். நாங்க இணக்க சபை எண்டு சொல்றமே, அதுதான்.

இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு எழுதுறன், ஏனெண்டா எனக்கு இது தெரிஞ்சிருந்தா டிசம்பர்லயே போயிருப்பன், உங்களுக்கு இது தெரிஞ்சும் ஒருத்தரும் சொல்லல்ல. 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்துல வந்த சபை இது. எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல, சனிக்கிழமை. காசு இல்ல. லோயர் வரேலாது, நாமதான் நம்மட வாயால சொல்லணும். பொலிஸ் அனுப்பித்தான் போகணும் எண்டும் இல்ல, நாமளே எழுதிக் குடுத்துப் போகலாம், இதை அங்க போன பிறகுதான் கேள்விப்பட்டன், பொலிஸ் அக்காட கேற்றுல வந்து நிண்டிருக்கவே தேவையில்ல. மத்தியஸ்தர் மூண்டு பேர், ஒருத்தரை நான் தெரியணும், ஒருத்தரை அக்கா தெரியணும், அந்த ரெண்டு பேரும் சேர்ந்து மூண்டாமவரைத் தெரிவாங்க, அவர்தான் தலைமை. அவங்க தீர்ப்புச் சொல்றதும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு ஒத்துக்கொள்ளுவீங்க எண்டு கேட்டுக் கேட்டுக் கொண்டு வாறாங்க. ஒத்து வந்தா எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கிறது, வராட்டி இணக்கம் வரல்ல எண்டு ஒரு சான்றிதழ் தருவாங்க, அதைக் கொண்டு கோட்டுக்குப் போகலாம். சின்னத் தொகை வழக்குகளுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமக் கோட்டுல எடுக்கவும் மாட்டாங்க.

மூண்டு தவணை நடந்திச்சு. முதல் நாள் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல. நான் படம், எஸ்டிமேட், சீற் வாங்கின பழைய பில், எல்லாம் ஃபைல்ல போட்டுக் கொண்டு போயிருந்தன். அக்கா சொன்னது ஒரே ஒரு வசனம், காத்து கடவுள்ட வேலை, நான் என்ன செய்ய. தலைமையில இருந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், அவர் அவசரப்படல்ல. நல்லா நிண்ட மரம் சூறாவளியில விழுந்தா ஆரையும் குத்தம் சொல்லேலாது அம்மா, ஆனா பட்டது எண்டு தெரியும், விழும் எண்டு சொன்னவங்க, அதுக்குப் பிறகும் நிண்டது எண்டா சட்டம் அதை வேற கண்ணால பாக்கும் எண்டு அவக்கு மெதுவா விளங்கப்படுத்தினார். பிறகு என்ட பக்கம் கிறுகிக் கேட்டார், "மரம் வெட்ட 15,000 எண்டு தெரியும்தானே, பாதி நான் தாறன் எண்டு ஒருக்காக் கேட்டீங்களா மகள்?" கேக்கல்ல. அந்தக் கேள்வி எனக்குள்ள இன்னும் கிடக்கு. 7,500 ரூபாயோட முடிஞ்சிருக்க வேண்டியது.

ரெண்டாம் தவணையிலதான் அக்கா வாயைத் திறந்தா. நாங்க 2021ல வளவை உயத்துறதுக்குக் கிறவல் மண் 6 லோட் பறிச்சம். அதுக்குப் பிறகு மாரியில எங்கட வளவுத் தண்ணி முழுக்க மதிலுக்குக் கீழால அவட பக்கம்தான் இறங்குது. அவட கிணத்துக் கட்டு ஒரு பக்கம் தாண்டு வெடிச்சிருக்கு. நாலு மாரியா அவ அதைச் சொல்லல்ல, ஏன் தெரியுமா, அவட்டயும் யாரோ சொல்லியிருக்காங்க சொந்தம்தானே விட்டுடு எண்டு. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிற கிணறு அது, மதிலுக்கு அங்கால, எனக்குக் கண்ணுல படவே இல்ல. நான் மரத்தைச் சொல்ல வந்த நேரமெல்லாம் அவ மனசுக்குள்ள கிணத்தை வச்சுக்கொண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கா. அம்மம்மாட மரம் எண்ட கதையும் அண்டைக்குத்தான் வந்திச்சு. அழுதா. நானும் அழுதன். அவர் தண்ணிப் போத்தல் ரெண்டை எடுத்து ரெண்டு பேருக்கும் முன்னால வச்சுட்டு அஞ்சு நிமிசம் வெளிய போய் நிண்டார்.

கடைசியா எழுதினது இதுதான். அக்கா 90,000 ரூபா, மாசம் 15,000 படி ஆறு மாசத்துல. முறிஞ்ச தென்னையில நல்லாக் கிடந்த அடிக்குத்தியை அறுத்து எங்கட கைமரத்துக்கு எடுக்கிறது, அறுவைக் கூலி எங்கட. நாங்க எல்லையோட பைப் தாட்டுத் தண்ணியை றோட்டுக் காணுக்கு விடுறது, கிணத்துக் கட்டுல வெடிச்ச பக்கத்தைப் பூசிக் குடுக்கிறது, அது எங்கட செலவு. விழுந்த 14 அடி மதிலை ரெண்டு பேரும் பாதிப் பாதி. ஒருத்தர் சொன்னபடி செய்யாட்டி திரும்ப சபைக்கு வரலாம். ஆமைப்பூட்டைப் பத்தி ஒண்டும் எழுதல்ல, ஆனா அண்டு பின்னேரமே அது கேற்றுல இல்ல, யார் எடுத்தது எண்டு ரெண்டு பேரும் கேக்கல்ல. இதுவரைக்கும் மூணு தவணைக் காசு வந்திட்டு, ஒரு நாளும் பிந்தல்ல. பைப் தாட்டாச்சு. ஒரு நாள் நல்ல மழை பெஞ்சிச்சு, அத்தான் குடையைப் பிடிச்சிட்டு நிண்டு தண்ணி எந்தப் பக்கம் போகுது எண்டு பாத்துட்டு, மதிலுக்கு மேலால என்னைப் பாத்துத் தலையாட்டிட்டுப் போனார்.

என்ட நட்டம் 186,000, வந்தது 90,000. முழுசா வரல்லையே எண்டு செயலாளர் அண்ணன் கேக்கலாம். வரல்ல. ஆனா என்ட தண்ணி அவட கிணத்தைக் கெடுத்ததும் உண்மை, எந்தக் கணக்கிலயும் அதைக் கழிச்சுத்தான் பாக்கணும். எனக்குக் கிடைச்சதுல பெரிசு, ஒருத்தர் இருந்து எனக்கு நட்டம் நடந்தது உண்மை எண்டு சொன்னது. எட்டு மாசமா அதைத்தான் நான் உங்களிட்ட கேட்டுத் திரிஞ்சன், காசு ரெண்டாவது.

இப்ப ஏன் எழுதுறன் எண்டா ஐப்பசி வந்திட்டு, இன்னும் கொஞ்ச நாள்ல மாரி இறங்கும். எங்கட ஒழுங்கையில மட்டும் பட்ட தென்னை மூண்டு எண்ணினன். ஒண்டு ஆச்சிட வீட்டுக்கு மேல, அவ தனிய இருக்கிறவ. ஒண்டு முன்பள்ளி வேலியோட. இன்னொரு வீட்டுல முத்தின முருங்கை கரண்ட் வயர்ல படுத்துக் கிடக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு என்னை மாதிரி ஆள் ரெண்டு தரம் சொல்லிட்டு நிப்பாட்டி இருப்பாங்க.

அதனால நான் கேக்கிறது, மாரி இறங்க முதல் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு ஊரைச் சுத்தி நடங்க. மாதர் சங்கத்துல ரெண்டு பேரையும் சேத்துக்கொள்ளுங்க, சும்மா தேத்தண்ணி ஊத்துறதுக்கு இல்ல, எழுதுறதுக்கு. எந்த மரம் எந்த வீட்டுக்கு மேல சாயுது எண்டு எழுதி, உடையவங்களுக்கு ஒரு துண்டும், பாதிக்கப்படப் போற வீட்டுக்கு ஒரு துண்டும் குடுங்க, சங்கத்துல ஒண்டு இருக்கட்டும். நான் வாயால சொன்னன், வாயால சொன்னதுக்குச் சாட்சி இல்ல, அண்டைக்கு அந்த மரம் வெட்டுற தம்பி வந்து சொல்லாட்டி நான் சொன்னதையே யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. எழுதின துண்டு எண்டா அது சண்டைக்கு இல்ல, ஊர் சொன்னது எண்டு இருக்கும், அக்கா தங்கச்சிக்குள்ள மனஸ்தாபம் வராது. பிலா மரம் எண்டா வெட்ட பெர்மிட் வேணும், 1951ல இருந்து சட்டம் இருக்கு, அதுக்கு நாள் எடுக்கும், அதனாலதான் இப்பவே எண்டு சொல்றன். எவ்வளவு சொல்லியும் கேக்காத ஆக்கள் இருந்தா, விழுந்து ஆக்களுக்குக் காயம் வரக்கூடிய மரத்தை அகத்தச் சொல்லி ஓடர் குடுக்க மஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் இருக்கு, 1979ஆம் ஆண்டு குற்றவியல் நடவடிக்கைச் சட்டத்துல 98ஆம் பிரிவு. அந்த அளவுக்குப் போகத் தேவை வராது எண்டுதான் நினைக்கிறன், ஆனா இருக்கு எண்டு ஊருக்குத் தெரிஞ்சா நல்லம்.

வெட்டக் காசில்லாத வீடுகளுக்குச் சங்கக் காசுல இருந்து கடனாக் குடுங்க. மைக் செட்டுக்கும் மாலைக்கும் குடுக்கிற சங்கம் நம்மட சங்கம், எனக்குக் கணக்குத் தெரியும், நானும் சந்தாக் கட்டுறவள். 15,000 ரூபாய மாசம் 1,500 படி கட்டச் சொன்னா அக்கா கட்டியிருப்பா. அவ கடன் வச்சவ இல்ல.

இனி யாரும் உங்களிட்ட சேதம் எண்டு வந்தா, அந்தக் கிழமைக்குள்ள போய்ப் பாருங்க. ரெண்டு வீட்டுக்கும் போங்க. படம் எடுங்க, மேசன் ஒருத்தரைக் கொண்டு கணக்குப் பாருங்க, அங்கயே எழுதுங்க. உங்களால முடிக்க ஏலாட்டி ஒளிக்காம இணக்க சபைக்குப் போங்க எண்டு சொல்லி விடுங்க, எங்க நடக்குது, எந்தக் கிழமை நடக்குது எண்டு கோயில் நோட்டீஸ் போட்டுல எழுதி ஒட்டினாக் கூடப் போதும். பொங்கல் முடியட்டும், சடங்கு முடியட்டும், திருவிழா முடியட்டும் எண்டு இழுக்காதீங்க. சேதத்துக்கு வழக்குப் போடுறதுக்கு சட்டத்துல ரெண்டு வருசம்தான் காலம், 1871ல வந்த சட்டம் அது, இன்னும் அப்பிடியே இருக்கு. நீங்க பொறு பொறு எண்டு சொல்ற ஒவ்வொரு மாசமும் அந்த ரெண்டு வருசத்துக்குள்ள இருந்துதான் கழியுது. நீங்க நல்ல மனசோட சொன்னாலும் அது நட்டப்பட்டவங்கட கணக்குலதான் விழுது.

சொந்தம் எண்ட சொல்லைச் சொல்லவே வேணாம் எண்டு நான் கேக்கல்ல. சொல்லுங்க. ரெண்டு பக்கமும் போய்ச் சொல்லுங்க. சொந்தம்தானே, போய்ப் பார். சொந்தம்தானே, ஏலுமானதைக் குடு. சொந்தம்தானே, அவட கிணத்தையும் ஒருக்கா எட்டிப் பார் எண்டு என்னட்டயும் சொல்லுங்க, அதை அண்டைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பன்.

வாற ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு நானும் அக்காவும் வாறம். எஸ்டிமேட், படங்கள், சபையில எழுதின சீட்டு எல்லாத்தையும் கொண்டு வாறன், மற்ற ஆக்களுக்கு எப்பிடி எழுதுறது எண்டு காட்டுறதுக்கு உதவும். கூட்டத்துல எங்களுக்கும் கதிரை போடுங்க. ஊரைச் சுத்துற நாளை அண்டைக்கே குறிங்க, சுத்துறதை எங்கட வளவுல இருந்து தொடங்குங்க. கிணத்தடியில நிக்கிற முருங்கை அக்காட பக்கம் சாஞ்சு கிடக்கு, வெட்டுற தம்பியை நான் வரச் சொல்லிட்டன், அவர் வர முதல் நீங்க வந்தா எழுதிக்கொண்டு போகலாம்.